காசு கொடுத்து வாங்கிய கொசுறு!

காய்கறிக் கடையில் பையை நிரப்பி, காசையும் கொடுத்த பிறகு நாம் உடனே நகர்ந்துவிடுவதில்லை. ஒரு நொடி நிற்போம். கடைக்கார அம்மா நம் முகத்தைப் பார்ப்பார். "என்ன, கறிவேப்பிலையா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு கொத்து கறிவேப்பிலையும் நாலு தண்டு மல்லியும் எடுத்துப் பையில் செருகுவார். அதுதான் கொசுறு. எடைக்கு வராது, கணக்கிலும் வராது. ஆனால், அது இல்லாமல் வீடு திரும்பினால் மட்டும் மனசுக்குள் ஏதோ குறையும்.

ஒரு நாள் அதே அம்மா இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னிக்கு நூறு ரூபாய் கூடக் குடுத்துட்டுப் போங்க. இனிமே உங்களுக்கு ஸ்பெஷல் கொசுறு."

"என்னென்ன தருவீங்க?"

"அது சஸ்பென்ஸ்! ஆனா மத்தவங்களுக்குக் கிடைக்காது."

"எப்போ தருவீங்க?"

"அப்பப்போ வரும்."

கொடுப்பீர்களா? "நல்ல கதையா இருக்கே" என்று சிரித்துவிட்டு நடையைக் கட்டுவீர்கள். ஆனால், 2007-ம் ஆண்டில் உலகம் முழுக்க பலர் இப்படித்தான் காசு கொடுத்தார்கள். அந்தக் கடை, மைக்ரோசாஃப்ட். விற்ற பொருள், 'விண்டோஸ் விஸ்டா அல்டிமேட்'. கொசுறின் பெயர், 'அல்டிமேட் எக்ஸ்ட்ராஸ்'.

இவ்வளவு பழைய கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? அன்று கம்ப்யூட்டரில் ஆரம்பித்த பழக்கம் இன்று உங்கள் கையில் இருக்கும் போன் வரை வந்துவிட்டது. அதற்காகத்தான்.

கறுப்புப் பெட்டி ராஜா

2001 அக்டோபரில் 'விண்டோஸ் எக்ஸ்பி' வந்தது. பச்சைப் புல்வெளி, நீல வானம் என்று அந்த வால்பேப்பரைப் பார்க்காத பிரவுசிங் சென்டரே நம் ஊரில் கிடையாது. அடுத்த விண்டோஸ் சீக்கிரமே வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது தள்ளிப்போனது. 2004-ல் பாதி வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். பெரிதாகப் பேசப்பட்ட சில அம்சங்களையும் கைவிட்டார்கள். ஒருவழியாக 2007 ஜனவரி 30 அன்று 'விஸ்டா' பொதுமக்களின் கைக்கு வந்தது. அஞ்சு வருஷத்துக்கும் மேலான காத்திருப்பு!

வந்தது ஒரே விண்டோஸாக வரவில்லை. ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், பிசினஸ், என்டர்பிரைஸ், அல்டிமேட் என்று ஆறு வகை. சாப்பாட்டுக் கடையில் மினி மீல்ஸ், ஃபுல் மீல்ஸ், ஸ்பெஷல் மீல்ஸ் என்று போர்டு வைப்பார்களே, அதுபோல. இதில் இலை நிறையப் பரிமாறும் 'ராஜபோக' சாப்பாடுதான் அல்டிமேட். வீட்டுக்கு வேண்டியது, ஆபீஸுக்கு வேண்டியது எல்லாம் இதில் ஒன்றாக இருக்கும். பெட்டிகூட கறுப்பு நிறத்தில் கம்பீரமாக வந்தது. பில் கேட்ஸின் கையெழுத்து அச்சிட்ட சிறப்புப் பெட்டிகளையும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வெளியிட்டார்கள்.

விலையும் ராஜ விலைதான். அமெரிக்காவில் ஹோம் பிரீமியம் 239 டாலர். அல்டிமேட் 399 டாலர். வித்தியாசம் மட்டும் 160 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 7,000 ரூபாய்!

வீட்டில் படம் பார்க்க, பாட்டு கேட்க, லெட்டர் அடிக்க, பிள்ளைகள் கேம் விளையாட ஹோம் பிரீமியமே தாராளம். அப்படியிருக்க, எதற்காக ஒருவர் 7,000 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் எக்ஸ்ட்ராஸ்.

சொன்னது என்ன?

அல்டிமேட் வாங்கியவர்களுக்கு மட்டும் அவ்வப்போது புதிய புரோகிராம்கள், புதுமையான சேவைகள், படித்துப் பயன்பெறும் வழிகாட்டிகள் எல்லாம் இன்டர்நெட் வழியாக வந்துகொண்டே இருக்கும். மற்ற ஐந்து வகைக்காரர்களுக்குக் கிடைக்காது. இதுதான் வாக்குறுதி.

எத்தனை புரோகிராம்கள்? பட்டியல் கிடையாது. மாதத்துக்கு ஒன்றா, வருஷத்துக்கு ஒன்றா? தேதி கிடையாது. எத்தனை வருஷம் வரும்? அதுவும் கிடையாது.

ஆனால், ஆசையைத் தூண்டும் முன்னோட்டம் மட்டும் இருந்தது. 2007 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸின் மேடை நிகழ்ச்சியின்போது இரண்டு விஷயங்களைச் செய்து காட்டினார்கள்.

முதலாவது, 'ட்ரீம்சீன்'. கம்ப்யூட்டர் திரையில் அசையாத வால்பேப்பருக்குப் பதிலாக வீடியோவே வால்பேப்பராக ஓடும்.

இரண்டாவது, 'குரூப்ஷாட்'. இது நம் வீட்டுப் பிரச்னைக்கே செய்தது போன்ற ஒன்று. கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுக்கிறோம். ஒரு படத்தில் தாத்தா கண்ணை மூடியிருப்பார். அடுத்ததில் தாத்தா சரியாக இருப்பார், குழந்தை வேறு பக்கம் திரும்பியிருக்கும். அதற்கும் அடுத்ததில் சித்தப்பா கொட்டாவி விட்டிருப்பார். இந்த மூன்று படங்களையும் கொடுத்தால், ஒவ்வொருவரின் நல்ல முகத்தையும் எடுத்து ஒரே படமாகச் சேர்த்துக் கொடுக்கும் குரூப்ஷாட். பார்த்தவர்கள் சொக்கிப்போனது இதில்தான்.

வந்தது என்ன?

விஸ்டா வந்த புதிதில் அல்டிமேட்காரர்களுக்கு ஒரு சீட்டாட்டம் வந்தது. 'ஹோல்ட் எம்' என்ற போக்கர் விளையாட்டு. கூடவே, ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் 'பிட்லாக்கர்' வசதிக்கு உதவும் சின்னக் கருவிகள் வந்தன. பிட்லாக்கர் நல்ல விஷயம்தான். லேப்டாப் திருடு போனாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது. ஆனால், அதைத் தயார்செய்யும் கருவியைத் தனியே கொடுத்துவிட்டு, அதையும் 'எக்ஸ்ட்ரா' கணக்கில் எழுதினார்கள். பூட்டை விற்றுவிட்டு, சாவிக்கொத்தைக் கொசுறு என்பது போல!

பிப்ரவரியில் ட்ரீம்சீனின் சோதனை வடிவம் வந்தது. போட்டுப் பார்த்தவர்கள் முதல் நாள் ரசித்தார்கள். இரண்டாம் நாள் யோசித்தார்கள். பிரவுசரையோ வேர்டையோ திறந்தால் வால்பேப்பர் மறைந்துவிடுகிறது. மறைந்துபோகிற ஒன்று ஓடினால் என்ன, நின்றால் என்ன? அது ஓடுகிற நேரத்தில் கம்ப்யூட்டரின் சக்தியை வேறு எடுத்துக்கொள்ளும். லேப்டாப் என்றால் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

சரி, இது ஆரம்பம்தானே, இனிமேல்தானே நல்லதெல்லாம் வரும் என்று காத்திருந்தார்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் எக்ஸ்ட்ராஸுக்கு என்றே தனி இடம் இருந்தது. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலை எட்டிப் பார்ப்பதுபோல, அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தார்கள். மார்ச் போனது. ஏப்ரல் போனது. மே, ஜூனும் போனது.

ஜூலை தொடக்கத்தில் அந்த நிறுவனத்தின் விண்டோஸ் பிரிவு இயக்குநர் ஒருவர் மன்னிப்புக் கேட்டார். எக்ஸ்ட்ராஸ் தருவதில் தாமதமாகிவிட்டது, ட்ரீம்சீனின் முழு வடிவமும் மீதி மொழித் தொகுப்புகளும் கோடைக்காலம் முடிவதற்குள் வந்துவிடும் என்றார். ட்ரீம்சீன் செப்டம்பர் கடைசி வாரத்தில் வந்தது. மொழித் தொகுப்புகளின் மீதி அக்டோபரில் வந்து சேர்ந்தது.

2008 ஏப்ரலில் என்ன வந்தது தெரியுமா? சத்தம்! பட்டனை அழுத்தினால், பிழை வந்தால், கம்ப்யூட்டரை மூடினால் 'டிங்', 'டொங்' என்று கேட்குமே, அந்த ஒலிகளின் இரண்டு புதிய தொகுப்புகள். ஒன்றுக்குக் 'கிளாஸ்' என்றும் இன்னொன்றுக்குப் 'பேர்ல்' என்றும் பெயர் வைத்திருந்தார்கள். 2008 செப்டம்பரில் 'டிங்கர்' என்று ஒரு விளையாட்டு வந்தது. பேட்டரி தீர்வதற்குள் ஒரு குட்டி ரோபோவைக் கட்டம் கட்டமாக நகர்த்தி வெளியே கொண்டுவர வேண்டும். உண்மையிலேயே நல்ல விளையாட்டு. ஆனால், அது வருவதற்குள் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இவற்றோடு ட்ரீம்சீனுக்கான சில வீடியோ தொகுப்புகளும் வந்தன. அவ்வளவுதான் மொத்தக் கொசுறும். இரண்டு விளையாட்டு, ஓடும் வால்பேப்பர், சில ஒலிகள், பிட்லாக்கர் கருவிகள், மொழித் தொகுப்புகள்.

குரூப்ஷாட்? அது எக்ஸ்ட்ராஸில் கடைசிவரை வரவே இல்லை.

தமிழுக்கு ஒரு சந்தோஷம்

மொழித் தொகுப்பு விஷயத்தில் நமக்குச் சுவாரஸ்யமான ஒரு கிளைக்கதை இருக்கிறது. விண்டோஸின் மெனு, பட்டன், அறிவிப்பு எல்லாவற்றையும் வேறு மொழிக்கு மாற்றிக்கொள்ளும் வசதிதான் அந்த எக்ஸ்ட்ரா. ஒரே கம்ப்யூட்டரில் அப்பா ஜெர்மனிலும், அம்மா பிரெஞ்சிலும் வேலை பார்க்கலாம். மொத்தம் 35 மொழிகள். அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. இந்திய மொழி எதுவுமே இல்லை.

இதைக் கேட்டு வருத்தப்பட வேண்டாம். தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கு வேறொரு தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தனியாக வெளியிட்டது. அதை இறக்கிக்கொள்ள அல்டிமேட் தேவையில்லை, காசும் தேவையில்லை. எல்லா அறிவிப்புகளும் மொழிமாற்றம் ஆகவில்லை என்றாலும், அடிக்கடி கண்ணில் படுகிற பகுதிகள் தமிழில் வந்தன. ஆக, 399 டாலர் கொடுத்தவருக்குப் பல மாதங்கள் இழுத்தடித்துக் கிடைத்த மொழி வசதி, தமிழருக்குச் சாதா விண்டோஸிலேயே இலவசமாகக் கிடைத்தது. கேட்காமல் பையில் செருகிய கறிவேப்பிலை!

கடையைச் சாத்தினார்கள்

2008 பிப்ரவரியில் இன்னொரு செய்தி வந்தது. விஸ்டாவின் விலையைக் குறைக்கிறார்கள். அமெரிக்காவில் 399 டாலராக இருந்த அல்டிமேட் 319 டாலருக்கு இறங்கியது. வாடிக்கையாளருக்கு நல்லதுதானே? புதிதாக வாங்குபவருக்கு நல்லது. முதல் நாளே நம்பி வாங்கியவருக்கு? அவர் 80 டாலர் அதிகம் கொடுத்து, ஒரு வருஷம் முன்னதாகவே காத்திருக்கத் தொடங்கியவர். அவ்வளவுதான்.

2009 பிப்ரவரியில் அடுத்த பதிப்பான 'விண்டோஸ் 7' பற்றிய விவரங்களைச் சொன்னார்கள். அதிலும் அல்டிமேட் என்ற வகை உண்டு, ஆனால் எக்ஸ்ட்ராஸ் கிடையாது. அத்தோடு அந்தத் திட்டம் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 7-ல் ட்ரீம்சீனையும் விட்டுவிட்டார்கள். 2012-ல் 'விண்டோஸ் 8' வந்தபோது அல்டிமேட் என்ற பெயரே காணாமல் போனது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. டிங்கர் விளையாட்டை 2009 டிசம்பரில் பொதுவாகவே இலவசமாக வெளியிட்டார்கள். பல போட்டோக்களிலிருந்து நல்ல முகங்களை எடுத்துச் சேர்க்கும் வசதி, மைக்ரோசாஃப்டின் இலவச போட்டோ புரோகிராமில் 'போட்டோ ஃப்யூஸ்' என்ற பெயரில் எல்லோருக்கும் கிடைத்தது. அசையும் வால்பேப்பரோ 2010 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு போன்களில் சும்மாவே வந்துவிட்டது. தனிச் சலுகை என்று காசு வாங்கியது எல்லாம் கடைசியில் ஊருக்கே பொதுச் சொத்தாகிவிட்டது.

அப்படி என்ன கோபம்?

"ஒரு சீட்டாட்டமும் வால்பேப்பரும் வரலைன்னா குடியா முழுகிடும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அல்டிமேட்டில் பிட்லாக்கர் இருந்தது, டிவி பார்க்கும் மீடியா சென்டர் இருந்தது, ஆபீஸ் நெட்வொர்க்கில் சேரும் வசதியும் இருந்தது. எக்ஸ்ட்ராஸை எதிர்பார்க்காமல் வாங்கியவருக்கு அது பயனுள்ள பொருள்தான். ஆனாலும், கோபம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது.

இதே மைக்ரோசாஃப்ட் 1995-ல் 'பிளஸ்!' என்று ஒரு தொகுப்பை விற்றது. விண்டோஸ் 95-க்கு அழகு சேர்க்கும் தீம்கள், 'ஸ்பேஸ் கேடட்' பின்பால் விளையாட்டு எல்லாம் அதில் இருந்தன. அதற்கும் தனியாகக் காசு வாங்கினார்கள். ஆனால், ஏமாந்துவிட்டோம் என்று யாரும் கொதிக்கவில்லை. ஏனென்றால், உள்ளே என்ன இருக்கிறது என்பது பெட்டியிலேயே எழுதியிருந்தது. பிடித்தவர் வாங்கினார், பிடிக்காதவர் நகர்ந்தார். பொருளைப் பார்த்துக் காசு கொடுத்த வியாபாரம் அது.

அல்டிமேட் எக்ஸ்ட்ராஸில் காசு முன்னால் போனது, பொருள் பின்னால் வரவேண்டியிருந்தது. இடையில் இருந்தது நம்பிக்கை ஒன்றுதான். பட்டியலும் தேதியும் இல்லாததால், 'இது தரவில்லையே' என்று விரல் நீட்டிக் கேட்கவும் வழியில்லை. இரண்டு சத்தத்தைக் கொடுத்துவிட்டு 'கொடுத்தாயிற்று' என்றால் கணக்கு சரியாகிவிடுகிறது. கேட்கிறவர்தான் பேராசைக்காரர் மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது. வாக்குறுதி எவ்வளவு மங்கலாக இருக்கிறதோ, அதைக் கொடுத்தவருக்கு அவ்வளவு வசதி.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அன்று அல்டிமேட் வாங்கியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு 'கம்ப்யூட்டர் அண்ணன்' இருப்பார். யார் லேப்டாப் வாங்கினாலும் அவரைத்தான் கேட்பார்கள். பிரின்டர் ஓடவில்லை என்றாலும் அவருக்குத்தான் போன் போகும். புதிதாக எது வந்தாலும் முதல் ஆளாகக் காசு போட்டு வாங்கிப் பார்ப்பவர். அல்டிமேட்டின் 7,000 ரூபாய் வித்தியாசத்தை ஆசையோடு கொடுத்தது இந்த மாதிரி ஆட்கள்தான். அந்த நிறுவனத்துக்குச் சம்பளம் வாங்காத விளம்பரதாரர்கள். அவர்களுக்கு ஒரு மனத்தாங்கல் வந்தால் என்ன ஆகும்? அடுத்த முறை அத்தை கேட்கும்போது, "இப்போ வாங்காதீங்க, கொஞ்சம் பொறுங்க" என்பார். 160 டாலர் லாபத்தின் உண்மையான விலை அதுதான்.

ஏன் இப்படி ஆனது? இது என் யூகம்தான். விஸ்டாவையே பெரும்பாடுபட்டுத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அதன் பொறுப்பில் நீண்ட காலம் இருந்த ஜிம் ஆல்சின், பொதுமக்களுக்கு விஸ்டா வெளியானதோடு ஓய்வுபெற்றார். புதிதாகப் பொறுப்புக்கு வந்த ஸ்டீவன் சினோஃப்ஸ்கி, வேலை முடிகிற வரை வாயைத் திறக்காதவர் என்று பெயர் எடுத்தவர். சீர்வரிசை தருவதாகச் சொன்ன பெரியவர் போய்விட்டார். அடுத்து வந்தவர்களுக்கு அடுத்த கல்யாணத்தின் கவலை. வாக்கு மட்டும் நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தது.

இப்போது உங்கள் போனுக்கு வருவோம்

2024 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் புது மாதிரி 'சிரி'யைக் காட்டியது. உங்கள் மெயில், மெசேஜ் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, "அம்மாவோட ஃபிளைட் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் தானே தேடிப் பதில் சொல்லும் என்றார்கள். செப்டம்பரில் ஐபோன் 16 விற்பனைக்கு வந்தது. விளம்பரங்களிலும் அந்தப் புதிய சிரி வந்தது. ஆனால், 2025 மார்ச்சில், எதிர்பார்த்ததைவிடத் தாமதமாகும் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. விளம்பரம் ஒன்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அமெரிக்காவில் வழக்குகளும் போட்டார்கள்.

டெஸ்லா கார் கதை இன்னும் நீளம். தானே ஓட்டிக்கொள்ளும் வசதி பின்னால் அப்டேட்டில் வரும் என்று சொல்லி, 2016 அக்டோபரிலேயே அதற்குத் தனியாகக் காசு வாங்க ஆரம்பித்தார்கள். 2017 முடிவதற்குள் லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து நியூயார்க் வரை யாரும் ஸ்டியரிங்கைத் தொடாமல் கார் போகும் என்றார் ஈலான் மஸ்க். அந்தப் பயணம் 2017-ல் நடக்கவில்லை. வசதியின் விலை மட்டும் ஏறிக்கொண்டே போய், 2022-ல் 15,000 டாலரைத் தொட்டது. 2024-ல் அந்த வசதியின் பெயரோடு, ஓட்டுநரின் கண்காணிப்பு தேவை என்ற பொருள்தரும் ஒரு சொல்லையும் சேர்த்தார்கள்.

எல்லாமே ஏமாற்றக் கதைகள் என்று நினைக்க வேண்டாம். 2016 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் ஒரு சின்ன நிறுவனம் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விளையாட்டை வெளியிட்டது. சொன்ன பல விஷயங்கள் அதில் இல்லை. வாங்கியவர்கள் கொந்தளித்தார்கள். அந்த நிறுவனத்தார் அதிகம் பேசாமல் வேலையில் இறங்கினார்கள். நண்பர்களோடு சேர்ந்து விளையாடும் வசதியை 2018-ல் முழுமையாகக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் வருஷா வருஷம் பெரிய பெரிய அப்டேட்டுகள், எல்லாமே இலவசம். திட்டியவர்களில் பலர் இன்று அதைக் கொண்டாடுகிறார்கள். விட்ட பெயரை மீட்க முடியும். அதற்கு வாயை மூடிக்கொண்டு கையை அசைக்க வேண்டும்.

போன் கம்பெனிகளிலும் ஒரு நல்ல மாற்றம் தெரிகிறது. கூகுள் தன் பிக்ஸல் 8 போனுக்கும், சாம்சங் தன் கேலக்ஸி எஸ்24 போனுக்கும் ஏழு வருஷம் அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கின்றன. இதில் ஒரு எண் இருக்கிறது. ஏழு வருஷம் கழித்து நீங்கள் விரல்விட்டு எண்ணிக் கேட்கலாம். 'அவ்வப்போது வரும்' என்பதற்கும் 'ஏழு வருஷம் வரும்' என்பதற்கும் உள்ள தூரம்தான், அல்டிமேட் எக்ஸ்ட்ராஸ் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

காசைக் கொடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

புது போன், ஸ்மார்ட் டிவி, பிரீமியம் சந்தா, ஆன்லைன் கோர்ஸ் என எதை வாங்கினாலும் இதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

1. இன்று, இப்போது, என் கைக்கு வருவது என்ன? அதற்கு மட்டும் இந்த விலை நியாயமா? 'ஆம்' என்றால் வாங்குங்கள். பிறகு வருவதெல்லாம் கொசுறு.

2. 'விரைவில்' என்று போட்டிருக்கிறதா? அப்படியென்றால், அதன் மதிப்பைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

3. என்ன வரும், எப்போது வரும், எத்தனை நாளுக்கு வரும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்கிறதா? கடை ஊழியர் வாயால் சொல்வது நாளைக்குச் சாட்சிக்கு வராது.

4. சாதா வகைக்கும் பிரீமியத்துக்கும் உள்ள வித்தியாசத்தில், நான் தினமும் பயன்படுத்தப்போவது எத்தனை? ஒன்றுகூட இல்லையென்றால் சாதாவே உங்களுக்கு ராஜா.

5. இன்றே வாங்காவிட்டால் என்ன நஷ்டம்? அல்டிமேட்டை ஒரு வருஷம் பொறுத்து வாங்கியவர் 80 டாலர் மிச்சம் பிடித்தார்.

வாங்கிவிட்டு ஏமாந்தால்? விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நம் நாட்டின் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான எண்ணம் ஏற்படுத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கட்டணமே கிடையாது.

மறுபடியும் காய்கறிக் கடை

விஸ்டாவுக்கு 2017 ஏப்ரல் 11-ம் தேதியோடு அப்டேட் நின்றது. அந்தக் கறுப்புப் பெட்டி இப்போது எங்காவது ஒரு பரண் மேல், பழைய சார்ஜர்களுக்கும் கேசட்டுகளுக்கும் நடுவே கிடக்கலாம். அதை வாங்கிய கம்ப்யூட்டர் அண்ணனுக்கு இப்போது நரை விழுந்திருக்கும். ஆனால், அவரிடம் "அல்டிமேட் எக்ஸ்ட்ராஸ் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். விலையை மறந்திருப்பார். காத்திருந்ததை மறந்திருக்க மாட்டார்.

நம் கடைக்கார அம்மா இதுவரை எந்தக் கண்காட்சியிலும் மேடை ஏறியதில்லை. கொசுறு தருவேன் என்று போர்டு வைத்ததும் இல்லை. கறிவேப்பிலை விலை ஏறிய வாரத்தில்கூட, "இந்த வாட்டி கொஞ்சம்தான், கோவிச்சுக்காதீங்க" என்று நாலு இலையாவது கிள்ளிப் போடுவார். அதற்காகத்தான் ரெண்டு தெரு தள்ளி இருந்தாலும் அவர் கடைக்கே நடக்கிறோம்.

கொசுறை விலைக்கு விற்கலாம் என்ற யோசனை அவருக்கு இன்னும் வரவில்லை. வராமலே இருக்கட்டும்!